கடவுச்சொல் கசிவது எந்த வழியாக?

1960களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் எம்ஐடியில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ள உதவிய சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில் உள்நுழைந்த ஒவ்வொருவரின் முனையத்திலும், அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில், எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் வரிசையாக வந்து விழுந்தன. யாரும் எதையும் உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. நிர்வாகிகள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார், இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் நிரலோ, யார் பயன்படுத்தினாலும் தற்காலிகக் கோப்புக்கு ஒரே பெயரைத்தான் வைத்தது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்துவிட்டது. அந்த அமைப்பை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கோர்பட்டோ, டூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரையில் இதைச் சொல்லியிருக்கிறார்.

கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரலில் அன்று எந்தப் பிழையும் இல்லை. அதற்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு நிரல்தான் எல்லாவற்றையும் வெளியே கொட்டியது. உள்நுழைவு ஏபிஐ, அதாவது மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் இடைமுகம், எழுதுகிறவர்கள் இந்த நிகழ்வை நினைவில் வைத்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அதன்பின் வந்த பெரிய கசிவுகள் பலவும், நன்றாகக் காவல் காத்த இடத்தில் நிகழாமல், யாரும் பார்க்காத பக்கவழியில்தான் நிகழ்ந்திருக்கின்றன.

கடவுச்சொல்லை எப்படிச் சேமிப்பது என்ற கேள்விக்கு விடை கிடைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. 1960களிலேயே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீட்ஹாமும் உடனிருந்தவர்களும், கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், திரும்ப மீட்கமுடியாதபடி ஒரு கணிதச் சார்பில் அரைத்து அதன் விளைவை மட்டும் வைக்கலாம் என்று கண்டார்கள். நாம் ஹாஷ் என்று சொல்வது இதைத்தான். 1979இல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் யூனிக்ஸ் அமைப்பில் செய்ததை ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். பயனர்களின் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டிப் பார்த்தபோது, 86 சதவீதம் மிகக் குட்டையாகவோ அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் அகப்படுவதாகவோ இருந்தன. இப்படிப்பட்டவற்றை ஹாஷ் மட்டும் காப்பாற்றாது. ஊகித்து ஊகித்து ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், கிடைத்துவிடும்.

அவர்கள் இரண்டு மருந்து சொன்னார்கள். ஒன்று, கணக்கீட்டை வேண்டுமென்றே மெதுவாக்குவது. டிஇஎஸ் என்ற அக்காலக் குறியாக்க முறையை ஒருமுறைக்குப் பதில் 25 முறை ஓட்டினார்கள். மற்றொன்று சால்ட். ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் 12 பிட் அளவுள்ள ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்தால், ஒரே கடவுச்சொல் வைத்திருக்கும் இருவரில் ஒவ்வொருவருக்கும் 4,096 விதமான விளைவுகளில் ஏதோ ஒன்று வரும். முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்திருப்பவருக்கு வேலை 4,096 மடங்காகிவிடும். அந்த சால்ட்டைக் கொண்டு டிஇஎஸ்ஸின் உள்ளமைப்பையே சற்று மாற்றினார்கள். கடையில் வாங்கக்கூடிய டிஇஎஸ் சில்லுகளை வைத்து வேகமாக உடைக்க முடியாதபடி செய்வதற்காக இது. எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்பது வியப்பாக இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு நடந்தவை வருத்தம் தருபவை. 2009 டிசம்பரில் ராக்யூ நிறுவனத்தின் 3.2 கோடி கடவுச்சொற்கள் வெளியாயின. ஹாஷ் எதுவும் இல்லாமல், தட்டச்சு செய்தது செய்தபடியே தரவுத்தளத்தில் கிடந்தவை அவை. 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து 65 லட்சம் ஹாஷ்கள் வெளிவந்தன. அவை ஷா-1 என்ற வேகமான முறையில், சால்ட் இல்லாமல் செய்தவை. மோரிஸ், தாம்ப்சன் கட்டுரை வெளியாகி அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் திருட்டின் முழு அளவு 11.7 கோடி என்று 2016இல்தான் தெரிந்தது. 2013இல் அடோபி. அங்கே ஹாஷே செய்யவில்லை, ஒரே சாவியை வைத்துக் குறியாக்கம் செய்திருந்தார்கள். அதனால் ஒரே கடவுச்சொல் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் ஒரே எழுத்துக்கோவை தெரிந்தது. பக்கத்திலேயே பயனர்கள் எழுதிவைத்த நினைவூட்டும் குறிப்புகள் வெளிப்படையாக இருந்தன. நூறு பேர் ஒரே கடவுச்சொல்லுக்கு நூறு விதமாகக் குறிப்பு எழுதியிருந்தால், சாவியே தேவையில்லை.

இதையெல்லாம் அறியாமை என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. 2017இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி அறிவியல் மாணவர்கள் 20 பேரைக் கூட்டி, ஒரு சமூக வலைத்தளத்தின் பயனர் பதிவுப் பகுதியை எழுதித்தரச் சொன்னார்கள். பாதிப்பேரிடம் கடவுச்சொல்லைப் பாதுகாப்பாகச் சேமிக்கவேண்டும் என்று சொன்னார்கள். மீதிப்பேரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லப்படாதவர்களில் ஒருவர்கூடப் பாதுகாப்பாகச் சேமிக்கவில்லை. அவர்களில் சிலர் பயன்படுத்திய ஸ்ப்ரிங் என்ற ஆயத்த நிரல் சட்டகத்தில் இதற்கான வசதி தயாராகவே இருந்தது. கையெட்டும் தூரத்தில் இருந்தும், கேட்கப்படாத ஒன்றை யாரும் எடுக்கவில்லை. வேலை ஓடுகிறதா என்பதைத்தான் நிரலாளர் முதலில் பார்ப்பார். பாதுகாப்பில்லாமல் எழுதினாலும் உள்நுழைவு ஓடத்தான் செய்யும்.

அதனால்தான் ஏபிஐயின் வடிவமே இங்கே பெரிய விஷயமாகிறது. பிஎச்பி மொழியின் கதை இதற்கு நல்ல சான்று. 2013இல் வந்த பிஎச்பி 5.5 பதிப்புக்கு முன்னால், கடவுச்சொல்லைச் சரியாக ஹாஷ் செய்ய ஒரு நிரலாளர் எந்த முறை, எவ்வளவு நீளமான சால்ட், அதை எங்கிருந்து எடுப்பது, எந்த வடிவில் ஒட்டுவது என்று எல்லாவற்றையும் தானே முடிவு செய்யவேண்டும். பெரும்பாலான இணையப் பாடங்கள் எம்டி5 என்ற பழைய, வேகமான ஹாஷ் முறையைத்தான் கற்றுக்கொடுத்தன. அந்தோனி ஃபெராரா முன்மொழிந்த புதிய ஏபிஐ இவ்வளவையும் இரண்டு கேள்விகளாகச் சுருக்கியது. 'பாஸ்வேர்டு ஹாஷ்' என்று கேட்டால் சேமிக்கவேண்டிய கோவை வரும். 'பாஸ்வேர்டு வெரிஃபை' என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று வரும்.

திரும்பி வரும் கோவை பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையில் 60 எழுத்து நீளம். முதல் சில எழுத்துகளில் எந்த முறை, எவ்வளவு கடினம் என்பது இருக்கும். அடுத்த 22 எழுத்துகள் சால்ட், கடைசி 31 எழுத்துகள் ஹாஷ். சரிபார்க்கத் தேவையான எல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால், நிரலாளர் சால்ட்டுக்கென்று தரவுத்தள அட்டவணையில் தனிப் பத்தி வைக்க வேண்டியதில்லை, அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. முதலில், விரும்பினால் சொந்தமாக சால்ட் கொடுக்கலாம் என்று ஒரு வாய்ப்பு விட்டிருந்தார்கள். தாமே கொடுப்பவர்கள் மோசமான சால்ட்டைக் கொடுத்துவிடக்கூடும். ஆகவே 7.0 பதிப்பில் அந்த வாய்ப்பை வேண்டாம் என்று அறிவித்து, 8.0இல் எடுத்தே விட்டார்கள். சுதந்திரத்தைக் குறைத்துப் பாதுகாப்பைக் கூட்டிய முடிவு இது. எனக்கு முழு உடன்பாடு.

பிகிரிப்ட் 1999இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக நீல்ஸ் புரோவோஸும் டேவிட் மசியெரஸும் செய்தது. கணினிகள் வேகமாக ஆக, கடினத்தையும் கூட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. கடின எண் ஒன்று கூடினால் வேலை இரட்டிப்பாகும். பிஎச்பியின் இயல்பான எண் 10ஆக இருந்து, 2024இல் வந்த 8.4 பதிப்பில் 12 ஆனது. அதாவது நான்கு மடங்கு வேலை. நினைவகத்தையும் நிறைய விழுங்கி, வரைகலைச் செயலிகளை வைத்து உடைப்பவருக்குச் செலவைக் கூட்டும் ஆர்கான்2 2015இல் ஒரு திறந்த போட்டியில் வென்றது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இன்று அதைத்தான் எடுக்கவேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் கணக்குகளைப் புதிய கடினத்துக்கு மாற்றுவது எப்படி? ஹாஷிலிருந்து கடவுச்சொல்லை மீட்க முடியாது. பயனர் சரியான கடவுச்சொல்லோடு உள்ளே வரும் அந்த ஒரு கணத்தில்தான் அது சர்வரின் கையில் இருக்கும். அப்போதே புது முறையில் ஹாஷ் செய்து பழையதை மாற்றிவிட வேண்டும். பிஎச்பியிலும், பைத்தான் மொழியின் இணையச் சட்டகமான ஜாங்கோவிலும் இதற்கு வசதி உண்டு. ஆண்டுக்கணக்கில் வராத பயனர்களின் பலவீனமான எம்டி5 ஹாஷ்கள் மட்டும் அப்படியே தங்கிவிடும். அவற்றுக்கு ஜாங்கோவின் ஆவணம் சொல்லும் வழி, பழைய ஹாஷையே கடவுச்சொல்லாக எண்ணி அதன்மேல் புதிய ஹாஷ் ஒன்றைப் போர்த்திவிடுவது. பயனர் வரவேண்டிய அவசியமே இல்லை. பழைய ஹாஷை அதன்பின் அழித்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலை மறந்துபோனால் செய்ததெல்லாம் வீண்.

வீணான கதை ஒன்று நிஜமாகவே இருக்கிறது. 2015இல் ஆஷ்லி மேடிசன் தளத்தின் தரவு முழுவதும் வெளியானபோது, கடவுச்சொற்கள் பிகிரிப்டில் கடினம் 12 வைத்து ஹாஷ் செய்யப்பட்டிருந்ததைக் கண்டு பாதுகாப்புத் துறையினர் பாராட்டினார்கள். 3.6 கோடிக் கணக்குகளை உடைக்கப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். சைனோஷூர் பிரைம் என்ற குழு வேறு பக்கம் பார்த்தது. வெளியான மூலநிரலைப் படித்தபோது, தானாக உள்நுழையும் வசதிக்காக ஒரு டோக்கன், அதாவது கடவுச்சொல்லுக்குப் பதில் காட்டும் அடையாளக் கோவை, உருவாக்கப்பட்டது தெரிந்தது. பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சின்ன எழுத்துகளாக்கி, நடுவில் இரண்டு முக்காற்புள்ளிகளை வைத்து ஒட்டி, எம்டி5 செய்து, அதே தரவுத்தளத்தில் இன்னொரு பத்தியில் வைத்திருந்தார்கள்.

எம்டி5 மின்னல் வேகம். அதைக் கொண்டு கடவுச்சொல்லின் சின்ன எழுத்து வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டால், எந்த எழுத்து பெரிது என்ற சில வாய்ப்புகளை மட்டும் பிகிரிப்டில் சோதித்தால் போதும். சில நாள்களில் 1.1 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் கிடைத்துவிட்டன. பிகிரிப்ட் தோற்கவில்லை. அதே பொருளின் இன்னொரு பிரதி, யாரும் கவனிக்காத பத்தியில் இருந்தது. அந்த டோக்கனை எழுதியவருக்குத் தான் கடவுச்சொல்லைச் சேமிக்கிறோம் என்ற எண்ணமே இருந்திருக்காது. ஒரு வசதியைத்தான் செய்துகொடுத்தார்.

கடவுச்சொல்லிலிருந்து பிறக்கும் எதுவும் கடவுச்சொல்தான். இதை ஏற்றுக்கொண்டால் பல விஷயங்கள் தெளிவாகும். தானாக உள்நுழையும் டோக்கனைக் கடவுச்சொல்லிலிருந்து செய்யவேண்டிய தேவையே இல்லை. தற்செயலாகப் பிறந்த ஒரு நீண்ட எண்ணே போதும், அதற்கும் மனிதர் வைத்த சொல்லுக்கும் எந்த உறவும் கிடையாது.

அடுத்த பக்கவழி பதிவுக் கோப்பு, நிரலாளர்கள் லாக் என்பது. 2018 மே மாதம் முதலில் கிட்ஹப், சில நாள்களில் ட்விட்டர், இரண்டும் ஒரே மாதிரியான அறிவிப்பை வெளியிட்டன. ஹாஷ் செய்து முடிப்பதற்கு முன்னாலேயே கடவுச்சொல் உள்ளக லாக்கில் எழுதப்பட்டுவிட்டது என்று ட்விட்டர் சொல்லி, 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஃபேஸ்புக். அந்நிறுவனம் கடவுச்சொல்லை அடுக்கடுக்காகப் பல சார்புகளில் கடத்திச் சேமிக்கும் விதத்தை அதன் பொறியாளர் ஒருவர் மாநாடுகளில் விளக்கியிருந்தார். அப்போது நான் அறிந்தவரை அதைவிட வலுவான ஏற்பாட்டை வேறு எந்த நிறுவனமும் வெளியே சொன்னதில்லை. அதே காலத்தில்தான் கோடிக்கணக்கான பயனர்களின் கடவுச்சொற்கள் ஹாஷ் இல்லாமல் உள்ளகச் சேமிப்பில் கிடந்தன என்று 2019 மார்ச்சில் தெரியவந்தது. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்காக 2024 செப்டம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

லாக் எழுதும் நிரலுக்குக் கடவுச்சொல் எது, ஊர்ப்பெயர் எது என்று தெரியாது. வந்த கோரிக்கையை முழுசாக எழுது என்றால் எழுதிவிடும். "எச்சரிக்கையாக இருங்கள்" என்று நிரலாளர்களிடம் சொல்லிப் பயனில்லை என்பதற்கு மேலே சொன்ன நிறுவனங்களே சாட்சி. அங்கே வேலை செய்பவர்கள் தேர்ந்தவர்கள். மொழியும் சட்டகமும்தான் இதைத் தடுக்கவேண்டும். பிஎச்பி 8.2இல், ஒரு சார்புக்கு வரும் மதிப்பின்மேல் இது இரகசியம் என்று ஒரு குறி போடலாம். பிழை நேர்ந்து, எந்தச் சார்பு எதை அழைத்தது என்று காட்டும் அழைப்புத் தடம் அச்சாகும்போது அந்த இடம் மறைக்கப்படும். பைத்தானின் பைடான்டிக் தொகுப்பில் இரகசியக் கோவைக்கென்றே ஒரு வகை உண்டு. அச்சிட்டால் நட்சத்திரங்கள்தான் வரும், உண்மையான மதிப்பு வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். ஸ்ப்ரிங் செக்யூரிட்டியில், சரிபார்த்து முடித்ததும் கைவசமிருக்கும் கடவுச்சொல்லை அழிப்பதே இயல்பு. அழிக்காமல் வைத்துக்கொள்ளத்தான் நிரலாளர் தனியாகச் சொல்லவேண்டும். பான் ஆய்வு காட்டிய குறைக்கு இதுதான் சரியான பதில்: ஒன்றும் செய்யாமல் விட்டாலே பாதுகாப்பு கிடைக்கவேண்டும்.

2024இல் ஒக்டாவுக்கு நேர்ந்தது இன்னும் நுட்பமானது. மற்ற நிறுவனங்களுக்கு உள்நுழைவைக் கவனித்துத் தருவதே அவர்கள் தொழில். வாடிக்கையாளரின் சொந்த அடைவுச் சேவையை, அதாவது பயனர் பட்டியலை வைத்திருக்கும் சர்வரை, ஒவ்வொரு முறையும் கேட்காமலிருக்க, முந்தைய வெற்றிகரமான உள்நுழைவை ஒரு கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்திருந்தார்கள். அந்தக் கேஷின் திறவுகோலாக, பயனர் எண், பயனர்பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒட்டி பிகிரிப்ட் செய்தார்கள். பிகிரிப்ட் முதல் 72 பைட்டுகளை மட்டுமே பார்க்கும், மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பயனர்பெயர் 52 எழுத்துகளோ அதற்கு மேலோ இருந்தால், முன்னால் ஒட்டிய எண்ணோடு சேர்ந்து 72 நிறைந்துவிடும். கடவுச்சொல்லுக்கு இடமே இல்லை. அடைவுச் சேவையைத் தொடர்புகொள்ள முடியாத சமயத்தில், அப்படிப்பட்ட பயனரின் கணக்கில் எந்தக் கடவுச்சொல் கொடுத்தாலும் உள்ளே போகலாம் என்ற நிலை. ஜூலை 23 முதல் அக்டோபர் 30 வரை இது இருந்தது, பிறகு அவர்களே கண்டுபிடித்துச் சரிசெய்து அறிவித்தார்கள்.

இங்கே குற்றத்தை முழுக்க ஒக்டாமேல் போட எனக்கு மனமில்லை. கடவுச்சொல்லைச் சேமிக்கச் செய்த கருவியைக் கேஷ் திறவுகோலுக்கு எடுத்தது தவறுதான். ஆனால் கொடுத்ததில் ஒரு பகுதியைச் சொல்லாமல் கைவிடும் ஏபிஐயும் தவறுதான். கோ மொழியின் பிகிரிப்ட் தொகுப்பு இன்று 72 பைட்டைத் தாண்டினால் பிழை என்று திருப்பிவிடுகிறது. அப்படித் திருப்பியிருந்தால் இந்தச் சிக்கல் சோதனைக் கட்டத்திலேயே தலைகாட்டியிருக்கும்.

நீளத்துக்கு வரம்பே இல்லாமல் விடுவதும் ஆபத்து. 2013இல் ஜாங்கோவில், ஒரு மெகாபைட் அளவுக்குக் கடவுச்சொல்லை அனுப்பினால் ஹாஷ் செய்யவே சர்வருக்கு ஒரு நிமிடம்போல் பிடித்தது. அப்படிச் சில கோரிக்கைகள் போதும், தளம் படுத்துவிடும். நேரமும் தகவலைக் கசியவிடும். பயனர்பெயர் இல்லையென்றால் உடனே "தவறு" என்று சொல்லி, இருந்தால் ஹாஷ் செய்து பார்த்துவிட்டுச் சொல்லும் ஏபிஐயில், பதில் வரும் வேகத்தை வைத்தே யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ஜாங்கோ இதற்காக, இல்லாத பயனருக்கும் ஒருமுறை சும்மா ஹாஷ் செய்கிறது.

கடவுச்சொல்லை மறந்தவருக்கு அனுப்பும் இணைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதுவும் தற்காலிகக் கடவுச்சொல்தான். அதைத் தரவுத்தளத்தில் அப்படியே எழுதிவைப்பவர்கள் ராக்யூ செய்ததையே சின்ன அளவில் செய்கிறார்கள். ஜாங்கோவின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. டோக்கனை எங்கேயும் சேமிப்பதே இல்லை. பயனரின் இப்போதைய கடவுச்சொல் ஹாஷ், கடைசியாக உள்நுழைந்த நேரம் போன்றவற்றைச் சர்வரின் இரகசியச் சாவியோடு சேர்த்து அதைக் கணக்கிடுகிறது. பயனர் கடவுச்சொல்லை மாற்றியதுமே அந்தக் கணக்கீட்டின் விடை மாறிவிடும், பழைய இணைப்பு தானாகச் செத்துவிடும். உள்நுழைந்திருக்கும் அமர்வுகளுக்கும் அதே உத்தி. கடவுச்சொல்லை மாற்றினால் மற்ற கருவிகளில் திறந்திருக்கும் அமர்வுகள் மூடிக்கொள்ளும். கணக்கு பறிபோன ஒருவர் கடவுச்சொல்லை மாற்றுவதே திருடனை வெளியேற்றத்தான். மாற்றிய பிறகும் திருடனின் அமர்வு உயிரோடு இருக்குமானால், அந்த ஏபிஐ அவரைக் கைவிட்டுவிட்டது.

இப்போது கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பாஸ்கீ வந்திருக்கிறது. இதற்கு அடிப்படையான வெப்ஆத்தன் 2019 மார்ச்சில் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. இரகசியச் சாவி பயனரின் கைப்பேசியிலோ அவரது கடவுச்சொல் மேலாளரிலோ தங்கிவிடும். சர்வருக்கு அதன் ஜோடியான, கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டும் உதவும் பொதுச் சாவி மட்டும் வரும். சர்வர் அனுப்பும் சவாலுக்குக் கருவி கையொப்பமிட்டு அனுப்பும். அந்தக் கையொப்பம் தளத்தின் முகவரியோடு பிணைந்திருப்பதால் போலித் தளத்தில் செல்லாது. சர்வரின் தரவுத்தளம் முழுவதும் திருடு போனாலும், லாக்கில் எல்லாம் எழுதப்பட்டாலும், அதிலுள்ள பாஸ்கீ விவரங்களைக்கொண்டு யாரும் உள்ளே வரமுடியாது. இதுவரை சொன்ன பக்கவழிகள் பலவும் இதனால் அடைபட்டுவிடுகின்றன.

வேலையின் பாரம் இப்போது வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஒருவருக்கு ஒரு கடவுச்சொல் என்று பயனர் அட்டவணையில் ஒரே பத்தி வைத்திருந்த காலம் போய், ஒருவருக்குப் பல பாஸ்கீகள் என்று தனி அட்டவணை வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அடையாள எண், பொதுச் சாவி, பயனருக்குப் புரியும் பெயர், சேர்த்த நாள், கடைசியாகப் பயன்பட்ட நாள். திறந்து கிடக்கும் அமர்வில் நுழைந்த ஒருவர் சத்தமில்லாமல் தன் பாஸ்கீயைச் சேர்த்துவிட்டால், அவர் நிரந்தரமாகக் கணக்குக்குள் வந்துபோகலாம். அதனால் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் முன்னால் பயனரை மறுபடி உறுதிப்படுத்தச் சொல்லவேண்டும், சேர்ந்ததும் மின்னஞ்சலில் தெரிவிக்கவேண்டும். கைப்பேசி தொலைந்தவருக்கு எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்பி உள்ளே விட்டால், கணக்கின் உண்மையான வலிமை அந்த எஸ்எம்எஸ்ஸின் வலிமைதான்.

நீக்குவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சர்வரில் நீக்கியது கைப்பேசிக்குத் தெரியாது. பயனர் அடுத்தமுறை வரும்போது செத்த பாஸ்கீயைக் கைப்பேசி முன்னால் நீட்டும், அவரும் நம்பிக்கையோடு விரலை வைப்பார், உள்நுழைவு தோற்கும். வெப்ஆத்தனின் மூன்றாம் நிலை வரையறையில் இதற்கு ஒரு வழி சேர்ந்திருக்கிறது. இந்தப் பாஸ்கீயை நான் இனி ஏற்பதில்லை என்று தளம் உலாவி வழியாகக் கடவுச்சொல் மேலாளருக்குச் சொல்லலாம், அது பட்டியலிலிருந்து எடுத்துவிடும். குரோம் 2025 தொடக்கத்தில் இதைக் கொண்டுவந்தது. பாஸ்கீ வசதியைத் திட்டமிடும் அணிகள் பதிவுசெய்யும் திரையை முதலில் எழுதி, நீக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் பழக்கம் உண்டு. இரண்டையும் ஒரே வெளியீட்டில் தரும்படி திட்டமிடுவதே நல்லது. முதல் பயனரின் கைப்பேசி தொலைந்துபோகும் அன்றைக்கே நீக்கும் வசதி தேவைப்படும்.